ஸ்டாக்வெல் கேள்வியில் தொடங்கியது

"மாதம் 1,000 ராண்ட் ஸ்டாக்வெலுக்குப் போகிறது. இதை எந்தச் செலவில் எழுதுவது?"

வீட்டு வரவு செலவு எழுதும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துபவர் 2022இல் அதன் இணைய மன்றத்தில் கேட்ட கேள்வி இது. மென்பொருள் அமெரிக்காவில் தயாரானது. கேட்டவர் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஜோகன்னஸ்பர்க்காரர். மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் ஒருவர் "பலவகைச் செலவு என்று போட்டுவிடுங்கள்" என்று எழுதியிருந்தார். ஸ்டாக்வெல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். அது நம் ஊர்ச் சீட்டு.

நான் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். ஃபோர்ட்ஸ்பர்க்கில் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். அப்பா தேவகோட்டையில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா" என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் பேரேடு படிக்கச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணமாகி இங்கே வந்தபின் வீட்டுக் கணக்கை அந்த மென்பொருளில்தான் எழுதிவந்தேன். ஆகவே கை சும்மா இருக்கவில்லை. பதில் எழுதினேன்.

சீட்டுக்குக் கட்டுவது செலவே இல்லை. பணம் உங்கள் கையிலிருந்து குழுவின் கைக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். 'ஸ்டாக்வெல்' என்று ஒரு சொத்துக் கணக்கு திறந்து, வங்கிக் கணக்கிலிருந்து அதற்கு மாதாமாதம் பரிமாற்றமாக எழுதுங்கள். 12 பேர், தலைக்கு 1,000 என்று வைத்துக்கொள்வோம். நாலாம் மாதம் உங்கள் முறை வந்தால் அதுவரை கட்டியது 4,000, வாங்குவது 12,000. கணக்கு மைனஸ் 8,000க்குப் போகும். மென்பொருள் அதைச் சிவப்பில் காட்டும். பயப்பட வேண்டாம், அது இன்னும் முறை வராத எட்டுப் பேருக்கு நீங்கள் தர வேண்டியது. மீதி எட்டு மாதமும் கட்டக் கட்டப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அவர் திரும்பி எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை கட்டியதையெல்லாம் செலவாகவும், வாங்கிய 12,000ஐச் சம்பளத்தோடு சேர்த்து வருமானமாகவும் எழுதிவிட்டு, "அந்த மாதம் நன்றாகச் சம்பாதித்திருக்கிறேன் போல" என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அதோடு இன்னும் இரண்டு கேள்வி. டிசம்பரில் அரிசி, எண்ணெய், மாவு வாங்கித் தரும் மளிகை ஸ்டாக்வெலும் இப்படித்தானா? ஆமாம், சாமான் கைக்கு வந்த அன்று மொத்தத்தையும் மளிகைச் செலவுக்கு மாற்றுங்கள். சாவுச் செலவுக்கான சங்கச் சந்தா? அது வேறு. அது காப்பீடு மாதிரி, கட்டியது கட்டியதுதான், கட்டிய மாதமே செலவு. மூன்றையும் இங்கே பலர் ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம்.

சில மாதம் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு அம்மணி எழுதினார்: "எங்கள் சமூக வல்லுநராக விண்ணப்பிக்கிறீர்களா?" மன்றத்தில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. சம்பளம் கிடையாது. மென்பொருளின் ஆண்டுச் சந்தா இலவசம், வெளிவரும் முன் புதிய பதிப்பைப் பரிசோதிக்கலாம், பெயருக்குப் பக்கத்தில் ஒரு பேட்ஜ். படிவத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும், காப்பீடோ முதலீடோ விற்கிறீர்களா என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். விற்கிறீர்களா என்ற கேள்வி சம்பிரதாயம் என்று நினைத்தேன். இல்லை.

முதல் விண்ணப்பம் திரும்பிவிட்டது. காரணமாக என் பதில் ஒன்றையே எடுத்துக்காட்டியிருந்தார்கள். வரியில்லாச் சேமிப்புக் கணக்கை எப்படி எழுதுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். எப்படி என்று சொன்னேன். ஆண்டுக்கு 36,000 ராண்ட்தான் வரம்பு, மீறினால் மீறிய தொகைக்கு 40 சதவீதம் வரி என்றும் சொன்னேன். அப்போதைய கணக்குப்படி சரிதான். கடைசியில் ஒரு வரி: "முதலில் உங்கள் கிரெடிட் கார்டு கடனை அடையுங்கள்." அந்த வரியைத்தான், அது நிதி ஆலோசனை என்று, மஞ்சள் தடவி அனுப்பியிருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. சரியாகத்தானே சொன்னேன்? மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு யோசித்தபோது, இந்த நாட்டிலேயே நிதி ஆலோசனையைத் தொழிலாகச் செய்ய 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. கடையில் காப்பீட்டு முகவர்கள் வந்து உட்காரும்போது உரிம எண்ணை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் செய்வது தொழில் இல்லைதான். ஆனால் பேட்ஜோடு சொன்னால், கேட்பவருக்கு அது நிறுவனம் சொன்னதாகத்தான் படும்.

இன்னொரு குறையும் சொல்லியிருந்தார்கள்: கேள்வியை முடிக்குமுன்பே பதில் சொல்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை, ராண்ட் புள்ளி விவகாரம் வரும்வரை. வங்கியிலிருந்து இறக்கிய கோப்பை உள்ளே எடுத்தால் 1250.75 என்பது 125075 ஆகிவிடுகிறது என்றார் ஒருவர். "வங்கிக் கோப்பில்தான் தப்பு" என்று அடித்துச் சொன்னேன். தப்பு அங்கே இல்லை. விண்டோஸில் தென்னாப்பிரிக்க வட்டார அமைப்பு வைத்தால் பின்னத்துக்குக் காற்புள்ளிதான் போடும். வங்கிக் கோப்பிலோ புள்ளி. என் கணினியில் இந்திய அமைப்பு இருந்ததால் எனக்கு அந்தத் தொல்லையே வந்ததில்லை. அவருடைய அமைப்பை என் கணினியில் வைத்து, ஒரு பொய்க்கோப்பு தயாரித்து, அதே தவறு எனக்கும் வரும்வரை ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

அதிலிருந்து பொய்க்கோப்பு பழகிவிட்டது. நிஜக்கோப்பை யாரிடமும் கேட்பதில்லை. கேட்காமலே அனுப்புகிறார்கள் என்பது வேறு விஷயம். வங்கிக் கணக்கு எண், 13 இலக்க அடையாள எண் எல்லாம் தெரியும்படி திரையைப் படம் பிடித்துப் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதி. "முதலில் இதை எடுங்கள், மறைத்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்பதுதான் பல நாள் என் முதல் பதில்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தது 2023இல். நேர்காணல் அவர்களுக்குக் காலை 10, எங்களுக்கு இரவு 7. லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் நிலையில் இருந்த நாட்கள். மடிக்கணினியில் சார்ஜ் ஏற்றி, கைப்பேசி இணையத்தை வைத்துக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். இருபதாவது நிமிடம் கைப்பேசிக் கோபுரமும் படுத்துவிட்டது. மீதியை எழுத்தில் அனுப்பச் சொன்னார்கள். சோதனைக் கேள்வி: "என் செலவு எல்லா மாதமும் இரட்டிப்பாகக் காட்டுகிறது, ஏன்?" காரணம் என்னவாக இருக்கும் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கார்டில் வாங்கியது ஒரு தடவை, கார்டு பில் கட்டியது இன்னொரு தடவை, இரண்டையும் செலவாக எழுதியிருப்பார். ஆனால் நான் பதில் எழுதவில்லை. கார்டுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறீர்களா, பில் கட்டுவது டெபிட் ஆர்டரிலா (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிவது), கோப்பை எங்கே இருந்து எடுக்கிறீர்கள் என்று மூன்று கேள்வி எழுதி அனுப்பினேன்.

ஐந்து வாரம் கழித்து பேட்ஜ் வந்தது. கூடவே ரகசியம் காக்கும் ஒப்பந்தம். அடுத்த பதிப்பில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கெஞ்சிக் கேட்பார், வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும். சந்தாவை ஏற்றினால் திட்டு எனக்கு. பிப்ரவரிக் கடைசியில் வரி ஆண்டு முடியும், மென்பொருளின் அறிக்கையோ ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குத்தான் வரும். தேதியை மார்ச் 1க்கு மாற்றுங்கள் என்பதை எத்தனை தடவை எழுதினேன் என்று கணக்கில்லை. இங்கே பலருக்கும் சம்பளம் 25ஆம் தேதி வருவதால் மாத பட்ஜெட் கோணலாகும் கதையும் அப்படித்தான்.

2024 செப்டம்பர் 1 அன்று ஓய்வூதியச் சேமிப்பு இரு பானை முறைக்கு மாறியதும் கேள்வி வெள்ளம். பழைய பணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ராண்ட், சேமிப்புப் பானைக்குப் போனது. அதன்பின் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அதிலே, இரண்டு பங்கு ஓய்வுக்கால பானையில். சேமிப்புப் பானையிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை, 2,000 ராண்டுக்குக் குறையாமல் எடுக்கலாம். எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரியாகும். பெயரில் இரண்டு பானை, கணக்கில் மூன்று: பழையது ஒன்று தனியாக நிற்கிறதே! ஒரு தாய்க்கணக்கு, அதற்குள் மூன்று துணைக்கணக்கு என்று படம் போட்டுக்கொடுத்தேன். எடுத்தால் முழுத்தொகையும் சேமிப்புப் பானையில் கழிய வேண்டும், பிடித்த வரி வரிச்செலவுக்கு, மீதி வங்கிக்கு.

ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, எடுக்கலாமா வேண்டாமா?" நாலு வரி அடித்தேன். அடித்ததை அழித்துவிட்டு, மூன்று துணைக்கணக்கின் படத்தை மறுபடி அனுப்பினேன்.

அதே வாரம் கடையில் பொட்டலம் போடும் பெண்ணும் டீ நேரத்தில் அதையே கேட்டார். லெனேசியாவில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்களில் 'அக்கா' ஒன்று. "எடுக்காதே" என்றேன், வரி எவ்வளவு போகும் என்று காகிதத்தில் போட்டும் காட்டினேன். எடுத்துவிட்டார். மகனின் பள்ளிக் கட்டணம் நிலுவையில் இருந்ததாம். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, இதை எப்படி எழுதுவது அக்கா என்றார். பென்சிலால் மூன்று பத்தி கோடு போட்டுக் கொடுத்தேன்.