முதல் வேப் வாங்கியதில் நான் செய்த தப்பு

2024 ஜனவரியில் ஒரு நாள் மதியம், சாம்பாரை ருசி பார்த்துவிட்டு உப்பு போதவில்லை என்று இன்னும் அரைக் கரண்டி போட்டேன். சற்று நேரத்தில் முதலாளி ஒரு கிண்ணத்தோடு அடுப்படிக்கே வந்துவிட்டார். "நீயே குடிச்சுப் பாரு" என்றார். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற பையன் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினான்.

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் ஒரு தமிழ் உணவகத்தில் ஒன்பது வருடமாகச் சமைக்கிறேன். பத்தொன்பது வயதில் திருச்சியில் பிடித்த தம், அன்றைக்கு நாளொன்றுக்கு 20 சிகரெட்டில் நின்றது. சமையல்காரனுக்கு நாக்குதான் கருவி. அது மழுங்கிவிட்டது என்று தெரிந்ததும் பயந்துபோனேன். அந்த வாரமே சிகரெட்டுக்குப் பதிலாக முதல் வேப், அதாவது மின் சிகரெட், வாங்கினேன். அதில் பிசகியதால் இன்னும் ஒன்றரை வருடம் சிகரெட் பிடித்தேன். புதிதாக மாற நினைப்பவர்களுக்கு அந்த ஒன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது அறுபது கருவிகள் இருந்தன. "நல்லா புகை வரும்" என்று கடைக்காரர் காட்டியதை வாங்கினேன். கைக்கு அடங்காத பெட்டி, உள்ளே தனியாகப் போடும் இரண்டு பேட்டரி, மேலே கண்ணாடி டேங்க், சூட்டுக்கான வாட் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திரை. அதில் ஊற்றும் லிக்விடில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் நிகோடின் வேண்டும் என்று கேட்டார். நிகோடின்தானே கெட்டது, குறைவாக இருந்தால் நல்லது என்று நானே 3 மில்லிகிராம் கேட்டேன். தப்பு இங்கேதான் தொடங்கியது.

நாம் சிகரெட்டை எப்படி இழுக்கிறோம்? முதலில் வாய்க்குள் வாங்கி, அப்புறம் நெஞ்சுக்குள் விடுகிறோம். இந்தப் பெட்டி அதற்குச் செய்ததே அல்ல. லிக்விடைச் சூடாக்க உள்ளே இருந்த கம்பிச் சுருளுக்கு, அதாவது காயிலுக்கு, மின்தடை 0.2 ஓம். ஒரு ஓமுக்கு வெகு கீழே இருக்கும் இந்த மாதிரி காயில், ஹுக்கா போல ஒரே மூச்சில் நேராக நுரையீரலுக்கு இழுப்பவர்களுக்கானது. எனக்கு ஒவ்வொரு இழுப்புக்கும் இருமல் வந்தது. அடுப்படிப் பின்கதவைப் புகை மறைத்தது, ஆனால் உடம்பு கேட்டது கிடைக்கவில்லை. பத்து இழுப்பு இழுத்த பிறகும் கை சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடியது. பக்கத்தில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பற்றவைப்பார். எனக்குத் தாங்காது, ஒன்று வாங்கிவிடுவேன். மூன்றாவது வாரம் பெட்டி மேசை இழுப்பறைக்குப் போனது. எனக்கு வேப் எல்லாம் ஒத்துவராது என்று முடிவு கட்டினேன்.

2025 ஜூலையில் நெஞ்சுச் சளிக்காக மருத்துவரிடம் போனபோது, அவர் என்னைப் புகைப்பழக்கத்தை விட உதவும் இலவச சேவைக்கு அனுப்பினார். இங்கிலாந்தில் உள்ளூர் கவுன்சில்கள் நடத்துவது. அங்கிருந்த ஆலோசகர் அம்மா முதலில் கேட்டது இரண்டே கேள்வி. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஒரு நாளைக்கு எத்தனை? ஐந்து நிமிடத்துக்குள், 20 என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கு 3 மில்லிகிராம் எப்படிப் போதும்?" என்றார். ஒன்றரை வருடம் முன்னால் யாரும் கேட்காத கேள்வி அது.

அப்புறம் கையடக்கமான ஒரு மீட்டரை எடுத்து அட்டைக் குழாயை மாட்டினார். மூச்சை இழுத்து 15 நொடி அடக்கி, மெதுவாக ஊதச் சொன்னார். எண் ஏறிக்கொண்டே போய் 24ல் நின்றது. மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு அளவு அது. 10க்குக் கீழே இருந்தால்தான் புகைக்காதவர் கணக்கில் சேர்ப்பார்களாம். ஆக்சிஜனைச் சுமக்க வேண்டிய ரத்தம் இதைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. இது நிகோடினிலிருந்து வருவதல்ல, இலையும் தாளும் எரிவதால் வருவது. நிகோடின் நம்மைக் கட்டிப்போடுகிறது. நோயைக் கொடுப்பது பெரும்பாலும் எரியும்போது வரும் தாரும் இந்த வாயுவும்தான். வேப்பில் எதுவும் எரிவதில்லை, லிக்விட் சூடாகி ஆவியாகிறது. அதற்காக அது தீங்கே இல்லாதது ஆகிவிடாது, சிகரெட் பிடிக்காதவர் தொடவே கூடாது என்பதையும் அவர் இரண்டு தடவை சொன்னார்.

அவர் சொல்லிக் கொடுத்த கணக்கில் நான் வாங்கியது இதுதான்: பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான, பொத்தான் கூட இல்லாத ஒரு பாட் கருவி. லிக்விட் ஊற்றும் சின்னக் கூடுதான் பாட். வாயில் வைத்து இழுத்தால் தானே வேலை செய்யும். 1 ஓமுக்குச் சற்று மேலான காயில், இறுக்கமான இழுப்பு, கிட்டத்தட்ட சிகரெட்டின் பஞ்சு வழியே இழுப்பது போலவே. லிக்விட் 20 மில்லிகிராம், நிகோடின் சால்ட் வகை. இங்கே சட்டப்படி ஒரு மில்லிலிட்டருக்கு 20க்கு மேல் விற்க முடியாது, நிகோடின் உள்ள பாட்டில் 10 மில்லிக்கு மேல் கிடையாது, டேங்க் 2 மில்லிதான். சால்ட் வகை அந்த அளவிலும் தொண்டையைக் கிழிக்கவில்லை. லிக்விடின் அடிப்படையான புரோப்பிலீன் கிளைக்காலும் வெஜிடபிள் கிளிசரினும் பாதிப் பாதி. கிளிசரின் கூடுதலான கெட்டி லிக்விடைச் சின்னக் காயில் உறிஞ்சாது. ஒருமுறை எறிந்துவிடும் டிஸ்போசபிள் வகையை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை செய்துவிட்டார்கள், அதனால் அந்த ஆசையும் வரவில்லை. கருவி 20 பவுண்டுக்குள் முடிந்தது. ஒரு சிகரெட் பாக்கெட்டே 16 பவுண்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாட் கூட்டுக்குள் லிக்விட் ஊற்றிய கையோடு இழுத்தேன். துணி கருகிய நாற்றம் தொண்டைக்குள் இறங்கியது. தாளிக்கும் எண்ணெயில் கருவேப்பிலைக்குப் பதில் பஞ்சைப் போட்டது போல. கடைக்குத் திரும்பிப் போனேன். காயிலுக்குள் பஞ்சு இருக்கிறது, அது முழுக்க நனைய வேண்டும், ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள் என்றார் அங்கிருந்த பெண். கருகிய பஞ்சு தேறாது என்று புதியது மாட்டிக்கொடுத்தார். அன்று முதல் ஊற்றினால் அரிசி ஊறுவது போல அதையும் ஊறவிடுகிறேன். லிக்விட் கால்வாசிக்குக் கீழே போகவிடுவதில்லை. பழச் சுவைகளில் இனிப்பு அதிகம், அது காயிலில் படிந்து சீக்கிரம் கெடுத்துவிடுகிறது. எனக்குப் புகையிலைச் சுவை பழைய நினைப்பையே கிளப்பியதால், இரண்டாவது பாட்டிலில் புதினாவுக்கு மாறினேன்.

சிகரெட் நிகோடினைக் கொடுக்கிற வேகத்தில் வேப் கொடுக்காது. இது தெரியாவிட்டால் முதல் வாரமே கைவிட்டுவிடுவோம். சிகரெட்டைப் போல ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகும் பொருள் அல்ல, அவ்வப்போது இரண்டு மூன்று இழுப்பு என்று பழக வேண்டும். தலை சுற்றினால் போதும் என்று அர்த்தம். முதல் நான்கு நாள் எரிச்சல், தூக்கம் கெட்டது எல்லாம் இருந்தது. காலையில் எழுந்ததும் வரும் அந்த ஒன்றுக்காக மட்டும் ஆலோசகர் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்சும் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் போட்ட பிறகுதான் கடைசி சிகரெட்டும் போனது. அதற்கு முன், ஐந்து சிகரெட்டும் மிச்சத்துக்கு வேப்பும் என்று இரண்டு வாரம் ஓட்டினேன். மீட்டர் அதை மன்னிக்கவில்லை, எண் 13. சிகரெட்டை முழுசாக விட்டு எட்டாம் நாள் ஊதியபோது 2.

வீட்டில் மனைவிக்குப் பெரிய பயம். அமெரிக்காவில் வேப் பிடித்துச் செத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. நடந்தது உண்மை. 2019ல் தொடங்கி 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். அதற்கு முக்கியக் காரணமாகக் கண்டது, கஞ்சாச் சத்து கலந்த கள்ளச் சரக்கில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிடேட். நான் அவளிடம் சொன்னது இதுதான்: பதிவு பெற்ற சரக்கு தவிர வேறெதையும் வாங்க மாட்டேன், பாட்டிலைப் பிள்ளை கைக்கு எட்டாத மேல் அலமாரியில் பூட்டி வைப்பேன். நிகோடின் லிக்விடைக் குழந்தை குடித்தால் உயிருக்கே ஆபத்து. எங்கள் மகளுக்கு நான்கு வயது.

இதெல்லாம் உறுதியாகப் பலிக்கும் மருந்தா என்றால், இல்லை. 2019ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 886 பேர். ஒரு வருடம் கழித்து சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள், வேப் எடுத்தவர்களில் 18 சதவீதம், நிகோடின் பேட்ச், மெல்லும் கம் போன்றவை எடுத்தவர்களில் 9.9 சதவீதம். இரு தரப்புக்கும் ஆலோசனையும் கிடைத்தது. கிட்டத்தட்ட இரண்டு மடங்குதான், ஆனாலும் பெரும்பான்மையினர் தோற்றிருக்கிறார்கள். ஜெயித்த வேப்காரர்களில் 80 சதவீதம் அப்போதும் வேப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் நான் இதோடு நின்றுவிடக் கூடாது என்று இருக்கிறேன். இப்போது 10 மில்லிகிராமுக்கு இறங்கியிருக்கிறேன். 2026 அக்டோபர் முதல் பிரிட்டனில் 10 மில்லிலிட்டர் லிக்விடுக்கு 2 பவுண்ட் 20 பென்ஸ் வரி வேறு.

நவம்பரில் அக்கா மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போனேன். கருவியை லண்டனிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். இந்தியாவில் 2019லேயே மின் சிகரெட்டைத் தடை செய்துவிட்டார்கள், விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது எல்லாம் குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கள்ளத்தனமாகத் தேட வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல ஆளில்லாத சரக்கு அது. மருந்துக்கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் கம் கிடைக்கிறது, அரசின் 1800-11-2356 எண்ணில் இலவச ஆலோசனையும் உண்டு. நான் அந்தப் பத்து நாளும் பேட்சும் கம்மும் வைத்துத்தான் ஓட்டினேன். கம்மைச் சூயிங்கம் போல மென்றுகொண்டே இருந்தால் விக்கல்தான் வரும். காரம் ஏறும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மண்டபத்துப் பின்பக்கம் மாமன்மார் எல்லாம் தம் போட நின்றபோது நான் ஒதுக்கிய கன்னத்தோடு பந்தியைப் பார்க்கப் போனேன். இலையில் வைத்த ரசத்தில் பெருங்காயம் தனியாகத் தெரிந்தது. பத்து வருடமாகத் தெரியாத வாசனை.

திரும்பி வந்த வாரம், பின்கதவில் அண்ணை ரோலிங் புகையிலையைச் சுருட்டிக்கொண்டே, "என்ன தம்பி, இண்டைக்கும் வரேல்லையோ?" என்றார். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்டேன். "கட்டிலில இருந்தே" என்றார். அப்படியானால் 20ல்தான் தொடங்க வேண்டும் அண்ணை, பெரிய பெட்டி எதையும் யார் காட்டினாலும் வாங்காதீர்கள் என்றேன். திங்கட்கிழமை எங்களுக்கு லீவு. முதலில் அந்த அம்மாவிடம் மீட்டரில் ஊதிவிட்டு, அப்புறம் கடைக்குப் போகிறோம்.