திருவிடைமருதூரின் இரண்டு வாசல்கள்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவிடைமருதூர். வடக்கே ஸ்ரீசைலம், தெற்கே திருப்புடைமருதூர் என மருத மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட மூன்று தலங்களுள் இது நடுவில் அமைந்தது. திருவலஞ்சுழிப் பிள்ளையாரும் சுவாமிமலை முருகனும் ஆலங்குடித் தட்சிணாமூர்த்தியும் தில்லை நடராசரும் இங்குள்ள மகாலிங்கப் பெருமானுக்குப் பரிவார தெய்வங்கள் என்பது மரபு. அவ்வகையில் சோழநாடு முழுவதற்கும் இவ்வூரே கருவறை.

அலுவலகப் பொறுப்பும் வீட்டுக் கடனும் பெற்றோரின் மருத்துவமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, இரவிலும் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்த நாட்களில் இத்தலத்துக்குச் சென்றேன். கீழைக் கோபுர வாசலில் பிரம்மஹத்தியின் சிற்பத்தைப் பார்த்ததும் கால்கள் நின்றுவிட்டன.

வரகுண பாண்டியனின் குதிரை, வழியில் உறங்கிய அந்தணர் ஒருவரை அவனறியாமல் மிதித்துக் கொன்றது. அந்தப் பழி பிரம்மஹத்தியாக அவனைத் தொடர்ந்தது. மதுரை ஆலவாய் இறைவனின் ஆணைப்படி இங்கு வந்த அரசன் கீழை வாசலில் நுழைய, பிரம்மஹத்தி உள்ளே வர இயலாமல் வெளியிலேயே நின்றது; அவன் மேலை வாசல் வழியாக வெளியேறினான். அது அவனுக்காக இன்னும் காத்திருப்பதாக ஐதீகம். ஆகையால்தான் அடியார்கள் இன்றும் வந்த வழியே திரும்பாமல் அம்பாள் சன்னதி வழியாக வெளியேறுகிறார்கள். இக்கதையில் பிரம்மஹத்தி அழிக்கப்படவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிக்கல்கள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அமைதி வரும் என்று காத்திருந்த எனக்கு, அவை வாசலில் இருக்கும்போதே உள்ளே செல்லலாம் என்பது அங்குதான் புரிந்தது.

மகாலிங்கப் பெருமானைத் தரிசித்துவிட்டு, மனக்கலக்கம் தீர்க்கும் என்று நம்பப்படும் அசுவமேதப் பிராகாரத்தை வலம் வந்தேன். அகன்று நீண்ட வெளிப்பிராகாரம் அது. விரைந்து முடித்துவிட நினைத்த முதல் சுற்றில் கடன் தவணையும் மருந்துச் சீட்டும் கூடவே வந்தன. அடுத்த சுற்றில் வேகத்தைக் குறைத்து, மூச்சோடு ஐந்தெழுத்தைச் சேர்த்து நடந்தபோது, எண்ணங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கின. எத்தனை சுற்றுகள் என்று எண்ணவும் தோன்றவில்லை.

இத்தலத்தின் கீழை வாசலில் துறவி பட்டினத்தாரும் மேலை வாசலில் அவருடைய சீடர் பத்திரகிரியாரும் இருந்தார்கள். அடியாராக வந்து பிச்சை கேட்ட சிவபெருமானிடம், "மேலை வாசலில் ஒரு குடும்பஸ்தன் இருக்கிறான், அவனிடம் கேளும்" என்றாராம் பட்டினத்தார். ஒரு திருவோடும் ஒரு நாயும் மட்டுமே வைத்திருந்தவரை அவர் அப்படிச் சொன்னார். அதைக் கேட்டுத் திருவோட்டையும் எறிந்துவிட்ட பத்திரகிரியாரை வணங்குகிறேன். ஆனால் வீட்டையும் பெற்றோரையும் அப்படி விட்டுவிட என்னால் இயலாது, விடவும் கூடாது. மீண்டும் அரியணைக்கே திரும்பிய வரகுணனும் அதே மேலை வாசல் வழியாகத்தான் போனான் என்பது இல்லறத்தாராகிய நமக்குப் பெரிய துணை.

பெருநலமாமுலையம்மையையும் மூகாம்பிகையையும் வணங்கி, அம்பாள் சன்னதி வழியாகவே வெளியே வந்தேன். அலுவலகத்திலிருந்து அழைப்புகள் வந்திருந்தன. கும்பகோணம் பேருந்தில் அமர்ந்து, ஒவ்வொருவராக அழைத்து நிதானமாகப் பேசினேன்.