சரிவில் இறங்க மறுக்கும் தண்ணீர்

சுழலும் பூமியில் கனமான கடல்நீர் சரிவில் எப்படி ஓடுகிறது என்பதை, சுற்றும் மேசைமேல் தொட்டி வைத்துப் பார்க்கிறோம். இந்தச் சுழல்மேசை ஆய்வகத்தில் பாதி வேலை காத்திருப்பதுதான். ஒரு மீட்டர் அகலத் தொட்டியை 12, 13 விநாடிக்கு ஒரு சுற்று என்று ஓடவிட்டால் தொட்டி உடனே சுற்றிவிடும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுசாக அதன் வேகத்துக்கு வர முக்கால் மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அவசரப்பட்டு உப்புநீரைத் திறந்தால் அன்றைய சோதனை போச்சு. தண்ணீரையே முதல் நாள் மாலை பிடித்து வைத்துவிடுவோம். அறை வெப்பத்துக்கு வரவேண்டும், காற்றுக்குமிழ்கள் வெளியேற வேண்டும். கடையில் விற்கும் தூள் உப்பு ஆகாது. கட்டி தட்டாமலிருக்க அதில் சேர்க்கும் பொருள் தண்ணீரைக் கலக்கிவிடும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.

தொட்டிக்குள் உச்சி மேலே இருக்கும்படி ஒரு கூம்பு. உச்சிக்குச் சற்றுக் கீழே சின்னக் குழாய். அதன் வழியே சாயம் கலந்த உப்புநீர் வரும், சுற்றியுள்ள நீரைவிட 1 சதவீதம் கனமாக. மேசை நின்றிருந்தால் அது முன்தலை உப்ப நேரே அடிவாரத்துக்கு ஓடும். மேசை இடஞ்சுழியாகச் சுற்றும்போது கதை வேறு. கொஞ்ச தூரம் கீழே இறங்கும், வலப்பக்கம் வளையும், அப்புறம் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் ஒரே உயரத்தில் கூம்பைச் சுற்றத் தொடங்கிவிடும்.

புதிதாக வரும் மாணவர்கள் அனேகமாக எல்லாரும் கேட்பது: "சரிவை இன்னும் செங்குத்தாக்கினால் இறங்கிடும்ல சார்?" இறங்காது, பக்கவாட்டில்தான் வேகமாகப் போகும். புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. மேசை சுற்றுவதால் ஓட்டத்தை அதன் வலப்பக்கம் தள்ளுவதாகத் தோன்றும் கோரியோலிஸ் விசை மேலே தாங்குகிறது. இழுப்பு கூடினால் அதைச் சமன்செய்ய ஓட்டமும் வேகமெடுத்தாக வேண்டும். ஐந்துக்கு ஒன்று சரிவில் எங்கள் தொட்டியில் அது விநாடிக்குச் சுமார் 2 செ.மீ. மேசையை இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் ஓட்டம் பாதியாகிறது. கணக்குப் போட்டுக் காட்டினால் தலையாட்டுவார்கள், கண்ணால் பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

அப்படியானால் அது கீழே போவதே இல்லையா? பக்கவாட்டுக் கேமராவைக் கூம்பின் பரப்புக்கு அருகில் இறக்கினால் விடை கிடைக்கும். தடித்த ஓட்டம் தன் உயரத்திலேயே நிற்க, அதன் கீழ்விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு படலம், கண்ணாடியில் எண்ணெய் வழிவதுபோலக் கசிந்து இறங்கிக்கொண்டிருக்கும். அங்கே உராய்வு தண்ணீரை மெதுவாக்குகிறது. வேகம் குறைந்தால் கோரியோலிஸ் விசையும் குறையும், ஈர்ப்பு ஜெயிக்கும். காற்று வீசும் திசைக்கு வலப்பக்கமாகவே ஆர்க்டிக் பனி நகர்வதை நார்வே துருவப் பயணி நான்சென் கவனித்தார். அதற்குக் காரணம் தேடிய ஸ்வீடன் கடலியலாளர் எக்மான் 1905-இல் எழுதிய கணிதம்தான் இந்தப் படலத்துக்கும். எனக்கு இந்தச் சோதனையில் பிடித்த பகுதியே இதுதான்.

இதன் பெரிய பதிப்பு கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, டென்மார்க் நீரிணையில் ஓடுகிறது. சுமார் 600 மீட்டர் ஆழத்திலுள்ள கடலடி மேட்டைத் தாண்டி, விநாடிக்கு ஏறக்குறைய 30 லட்சம் கன மீட்டர் குளிர்நீர் தெற்கே வழிகிறது. அமேசான் ஆற்றைப்போல் 15 மடங்கு. அதுவும் நேரே பள்ளத்தில் விழுவதில்லை. கிரீன்லாந்துச் சரிவை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடி, வழியில் மற்ற நீரோடு கலந்து, மெல்ல மெல்ல ஆழம் தேடுகிறது.

தொட்டி அப்படியே கடலாகிவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். கடலடிச் சரிவுகள் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான் இருக்கும். உராய்வுப் படலமும் அங்கே கொந்தளிப்பானது, பத்துக் கணக்கான மீட்டர் தடிமன். அதனால் எண்களைவிட ஓட்டத்தின் போக்கைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

இப்போது கூம்பில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறோம். கடலடியில் இப்படிப்பட்ட பள்ளத்தாக்குகள் ஏராளம். சுற்றிக்கொண்டு வரும் ஓட்டத்தில் ஒரு பங்கு அதற்குள் விழுந்து, வலப்பக்கச் சுவரில் சாய்ந்தபடி அடிவாரத்துக்கே இறங்கிவிடுகிறது. பள்ளத்தின் ஆழத்தை மாற்றினால் அந்தப் பங்கு எப்படி மாறும் என்று பார்க்க, பட்டறையில் அடுத்த கூம்பைக் கடைந்துகொண்டிருக்கிறார்கள்.