ஓட்டோவில் ஆனையிறவு தாண்டி

2025 ஓகஸ்ட் 7, வியாழன்

நாளைக்குப் போயா, பௌர்ணமி லீவு. இவருக்குக் கராஜ் பூட்டு. இந்த முறையும் இரணைமடுக் குளத்தைக் காட்டித் தப்பேலாது.

ஹங்வெல்லவில் இருக்கிற லெஷர் வேர்ல்ட் தீம் பார்க்கைப் போனில் பார்த்த நாளிலிருந்து மூத்தவள் தண்ணிச் சறுக்கைப் பற்றியே கதைக்கிறாள். வட்டக்கச்சியிலிருந்து அதுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். சின்னவனுக்கு மூன்று வயது, வவுனியா தாண்டுவதற்குள் இரண்டு தரம் சத்தி எடுப்பான். அதனால் இயக்கச்சியில் இருக்கிற பண்ணையோடு சேர்ந்த பூங்காதான் என்று முடிவு. "அதுவும் தீம் பார்க் தானே அம்மா?" என்று கேட்டாள். "ஓம்" என்று சொல்லிவிட்டேன். ஆடும் வாத்தும் ஒரு தீம்தானே.

புட்டும் முட்டைப்பொரியலும் கட்டுகிறேன். சம்பல் வேண்டாமாம், இந்த வெக்கைக்குப் பத்து மணிக்கே பழுதாகிவிடும் என்கிறா மாமி. தான் வரமாட்டாவாம். கோழிகளைப் பார்க்க ஆள் வேணுமாம்.

ஓகஸ்ட் 8, வெள்ளி இரவு

பிள்ளைகள் கால் கழுவாமலே படுத்துவிட்டார்கள். எழுப்ப எனக்கு மனமில்லை.

காலமை ஏழரைக்கு வெளிக்கிட்டோம். பரந்தன் தாண்டினால் மறைப்பில்லை, சோளகக் காற்று நேரே ஓட்டோவின் விலாவில் அடிக்கும். ஆனையிறவில் றெக்சின் மறைப்பு படபடவென்று அடித்ததில், பேசியது எதுவுமே கேட்கவில்லை. சின்னவனுக்கு மட்டும் தொண்டை பெரிசு. "அப்பா, ஜேசிபி! ஜேசிபி!" ரோட்டோரம் ஆமி நினைவுச்சின்னமாய் வைத்திருக்கிற, புலிகளின் புல்டோசர்தான். இறங்கி ஏற வேணுமாம். இவர் அக்சிலேற்றரை முறுக்கினார். நான் மற்றப் பக்கம் கையைக் காட்டி, "உப்பளத்தைப் பார்" என்றேன். உப்புத் தொழிற்சாலை இந்த வருசம் மார்ச்சில்தான் திறந்தது என்று மூத்தவளுக்குச் சொல்லத் தொடங்கினேன், அவள் கேட்டது "தண்ணிச் சறுக்கு எவ்வளவு உயரம்?"

இயக்கச்சியில் ஒரு மர நிழலில் புட்டைச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பதினொரு மணிக்குள் ஓடுகிற ஆடுகிற வேலையெல்லாம் முடித்துவிட வேணும். அதற்குப் பிறகு வெயில் பிள்ளையையும் எங்களையும் ஒரேயடியாகச் சண்டைக்காரர் ஆக்கிவிடும்.

சின்னவன் முக்கால் மணித்தியாலம் ஆட்டுக்குட்டியை விட்டு அசையவில்லை. குழையை நீட்டினான், அது குழையை விட்டுவிட்டு மற்றக் கையில் இருந்த ரிக்கெற்றை இழுத்து மென்றது. பாதி உள்ளே, பாதி வெளியே. "என்ர ரிக்கெற்!" என்று அழுதவன், அது விழுங்கி முடிந்ததும் "இன்னொண்டு தாங்கோ, அதுக்குப் பசி" என்றான்.

பிறகு போட். குளத்தில் மிதிக்கிற போட், இடுப்பளவு தண்ணிகூட இருக்காது. லைவ் ஜக்கெற் மாட்டிப் பிள்ளைகள் இருவரும் ஏறிவிட்டார்கள். இவர் கரையில் நிற்கிறார்.

"வாங்கோவன் அப்பா."

"நீங்கள் போங்கோ. நான் படம் எடுக்கிறன்."

எனக்குத் தெரியும். யாழ்ப்பாணமே சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்ட 95 இடப்பெயர்வில் இவருக்கு ஏழு வயது. தென்மராட்சியில் சில நாள் இருந்துவிட்டு, இரவு கிளாலிக் கடலேரியால் வன்னிக்கு வந்தவர்கள். ஒரு எஞ்சின் போட் முன்னால் இழுக்க, கயிற்றில் கட்டின மற்ற போட்டுகள் பின்னால் வரிசையாய். நேவிக்காரனுக்குக் கேட்கக்கூடாதென்று மாமி இவரின் தங்கச்சியின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டே வந்தாவாம். மாமி சொல்லித்தான் எனக்கு இது தெரியும், இவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. முல்லைத்தீவுக் கடலுக்குப் போனாலும் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அந்தக் கிளாலி இந்தப் பூங்காவிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

நான் வற்புறுத்தவில்லை. சின்னவன்தான் விடவில்லை. அப்பா வராவிட்டால் தானும் இறங்கிவிடுவானாம். கடைசியில் இவர் போனை என்னிடம் தந்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். போட்டில் ஏறுவதற்கு ஏன் செருப்பைக் கழற்ற வேணும்? கேட்கவில்லை. அவை இரண்டையும் சோடியாக, நேராக, கரையில் வைத்தார்.

கரையிலிருந்து பார்த்தேன். இரண்டு சுற்று. பிள்ளைகள் கத்திக் கூத்தாடினார்கள். ஒரு இடத்தில் இவர் குனிந்து ஏதோ சொல்ல, இருவரும் கப்பென்று அடங்கினார்கள். கொஞ்ச நேரம் மிதி சத்தம் மட்டும்.

இறங்கியதும் மூத்தவளிடம் கேட்டேன், அப்பா என்ன சொன்னவர் என்று.

"சத்தம் போடாதேங்கோ எண்டவர். ஏனம்மா? மீன் ஓடிடுமா?"

ஓகஸ்ட் 9, சனி

மூத்தவளின் தீர்ப்பு: தீம் பார்க் பரவாயில்லை, ஆனால் தண்ணிச் சறுக்கு இன்னும் உயரமாய் வேணும். சின்னவனுக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. இவர் விடியவே கராஜுக்குப் போய்விட்டார்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

உடுப்பு ஊறவைக்கிற பெரிய பேசினைக் காணவில்லை. தேடிப் போனால் வளவில், மாமரத்தடியில் இருவரும் அதற்குள் குந்தியிருக்கிறார்கள். மூத்தவள் தென்னம்மட்டையால் மண்ணில் துழாவுகிறாள். பின்னால் மண்வாளி ஒன்று, அதற்குப் பின்னால் சிரட்டை, எல்லாம் ஒரு கயிற்றில். கயிற்று யோசனை யார் கொடுத்தது, மாமியா?

"என்ன விளையாட்டு?" என்றேன்.

சின்னவன் வாயில் விரலை வைத்து, "ஷ்ஷ். போட் போகுது" என்றான்.