அப்பாவுக்கு வார்த்தை புரிந்தது, வாக்கியம் வழுக்கியது

அப்பாவுக்கு மூளையின் இடது பக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டுப் பக்கவாதம் வந்தபோது, வலது கையும் பேச்சும் ஒரே நேரத்தில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கைகாலுக்குப் பிசியோதெரபி எழுதிக் கொடுத்தார்கள். பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு, "சொல்றதெல்லாம் அவருக்குப் புரியுது. வாய்தான் வரலை, போகப் போக வந்துடும்" என்றார்கள். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். யார் எதைக் கேட்டாலும் அப்பா தலையாட்டுவாரே!

மாத்திரை விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. "சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் இதைப் போடணும்" என்று அம்மா சொல்வார். அப்பா தலையாட்டிவிட்டு அப்போதே எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அம்மா அதைப் பிடிவாதம் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விசாரித்து, ஓசூரில் ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் கூட்டிப் போனேன்.

அந்தப் பெண் முதலில் அப்பாவிடம் பேசவே சொல்லவில்லை. நான்கு படங்கள் உள்ள அட்டையை நீட்டி, "ஐயா, மாங்காய் எது? தொட்டுக் காட்டுங்க" என்றார். மாங்காய், கொய்யா, நாற்காலி, கத்தரிக்கோல். அப்பா சட்டென்று சரியாகத் தொட்டார். வேண்டுமென்றேதான் கொய்யாவைச் சேர்த்திருக்கிறார்கள். சொல்லின் பொருள் மங்கியிருந்தால் கை நாற்காலிக்குப் போகாது, கொய்யாவுக்குத்தான் போகும். பிறகு அதே மாங்காயைக் காட்டிப் பெயர் கேட்டார். "கொய்... கொய்யா" என்றார் அப்பா. உடனே இல்லை இல்லை என்று தலையை அசைத்து முகம் சுளித்தார். பூவிலேயே தோப்பைக் குத்தகைக்கு எடுத்து வாழ்நாள் முழுக்க மாங்காய் வியாபாரம் செய்தவர். அறிவு அப்படியே இருக்கிறது. மண்டியில் பக்கத்துக் கூடைக்குக் கை போவது போல, தேடும்போது பக்கத்துச் சொல் வந்து நிற்கிறது.

அடுத்து வாக்கியங்கள். "நாய் எலும்பைக் கடிக்கிறது" சரி. "பூனை நாயைத் துரத்துகிறது" என்றதும் அப்பா, நாய் பூனையைத் துரத்தும் படத்தைத் தொட்டார். "நாயைப் பூனை துரத்துகிறது" என்று மாற்றிச் சொன்னபோதும் அதே படம்தான். நாய் தெரியும், பூனை தெரியும், துரத்துவது தெரியும். யார் யாரை என்பது மட்டும் அந்தச் சின்ன 'ஐ'யில் இருக்கிறது, அது நழுவிவிடுகிறது. பையனும் பெண்ணும் உள்ள வாக்கியம் என்றால் 'தள்ளினான்', 'தள்ளினாள்' என்ற முடிவே காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் இரண்டும் அஃறிணையாக எடுத்திருந்தார். இலக்கணம் கைகொடுக்காதபோது அப்பா உலக வழக்கத்தை வைத்துப் பொருளைக் கூட்டிக்கொள்கிறார். கையில் டம்ளரோடு நின்று "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் எல்லாம் புரிந்தது போலவே இருக்கும். வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி அப்படிப்பட்டதுதானே.

தெரபிஸ்ட் கொஞ்சம் வரலாறும் சொன்னார். 1861இல் பாரிஸில் பால் புரோக்கா என்ற மருத்துவர், 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் அநேகமாகச் சொல்ல முடியாத லெபோர்ன் என்ற நோயாளியைப் பற்றி எழுதினார். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற இன்னொரு மருத்துவர், சரளமாகப் பேசினாலும் புரிந்துகொள்ளத் தடுமாறும் இன்னொரு வகையை விவரித்தார். அதிலிருந்து, புரோக்கா வகை என்றால் பேச்சில்தான் கோளாறு, புரிதலில் குறையில்லை என்ற எண்ணம் வெகுகாலம் நிலைத்துவிட்டது. 1976இல் கரமாசா, சூரிஃப் என்ற ஆய்வாளர்கள் இதே மாதிரி மாற்றிப் போடக்கூடிய வாக்கியங்களை வைத்துச் சோதித்து, அந்த வகையினர் அங்கே குத்துமதிப்பாகத்தான் படத்தைத் தொடுகிறார்கள் என்று காட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்தும் டிஸ்சார்ஜ் சமயத்தில் "எல்லாம் புரியுது" என்றே சொல்லி அனுப்புவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தோப்புக்காரர்களோடு அப்பா தெலுங்கில்தான் பேசுவார் என்றதும், அதிலும் தனியாகச் சோதித்தார். இரண்டு மொழியும் ஒரே அளவில் திரும்ப வேண்டுமென்பதில்லையாம். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இரண்டு மொழி பேசுகிறவர்கள் தெரபிஸ்டிடம் இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் வீட்டில் நாங்கள் பேசும் விதத்தை மாற்றினோம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். செய்கிறவர் முதலில். சொல்லிவிட்டு அவசரப்படாமல் காத்திருப்பது. மாத்திரைக்கு, "முதல்ல சோறு" என்று தட்டை வைப்பது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாத்திரையை வெளியே எடுப்பது. "கை வலிக்குதா?" என்று கேட்டு, சற்றுப் பொறுத்து "கை நல்லா இருக்கா?" என்றும் கேட்போம். இரண்டுக்கும் ஆமாம் என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை, கையைத் தொட்டுக் காட்டித் திரும்பக் கேட்க வேண்டும்.

பெயர் சொல்லும் பயிற்சிக்குப் படத்தை நடுவில் வைத்துச் சுற்றியுள்ளதைக் கேட்கச் சொன்னார்: எங்கே காய்க்கும், எப்படி இருக்கும், என்ன செய்வார்கள். தோப்பு, புளிப்பு, ஊறுகாய், கூழ் பாக்டரி என்று நாங்கள் அடுக்கிக்கொண்டே போனபோது அப்பா வாயிலிருந்து "பெங்களூரா" என்று வந்தது! மாங்காய் என்ற சொல்லுக்கு முன்னால் ரகத்தின் பெயர். அம்மா அழுதுவிட்டார். 'மாங்காய்' பிறகு வந்தது, இப்போதும் சில நாட்களில் வராது.

சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு தனி வகை. நிரந்தரமாகிவிட்ட அஃபேசியாவும் (மூளை பாதிப்பால் வரும் இந்த மொழிக் கோளாறு) அதில் வரும். கைகால் ஊனத்துக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டு நின்றுவிடாதீர்கள்.

இப்போது எதிரே உட்கார்ந்து பேசினால் அப்பா நன்றாகவே ஈடுகொடுக்கிறார். போன்தான் சிரமம்; முகமும் கையும் தெரியாது, எதிர்முனையில் நிறுத்தாமல் பேசுவார்கள். அதனால் வியாபாரிகளை நேரில் வரச் சொல்லிவிட்டோம். "நீங்க அவருக்குக் கொடுக்கணுமா, அவர் உங்களுக்கா?" என்பது மாதிரியான கணக்கு வந்தால் இரண்டு பெயரையும் தாளில் எழுதி நடுவில் அம்புக்குறி போடுகிறோம். அது தப்பாக இருந்தால் அப்பாவே பேனாவை வாங்கி, இடது கையால் அடித்துத் திருப்பிப் போடுகிறார்.