செல்மாவும் அய்செலும் இருந்த ஊர்

துருக்கி நாவல் என்றாலே நமக்கு இஸ்தான்புல்தான். ஜி. குப்புசாமி மொழிபெயர்த்த ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' வழியாகத்தான் நானும் அந்த நாட்டுக்குள் நுழைந்தேன். ஆனால் எனக்கு வேலை கிடைத்தது அங்காராவில். மண் ஆராய்ச்சிக்காக இரண்டு வருஷம், ஜெபெஜி பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு மாடியில் குடியிருந்தேன். "அங்காராவில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேட்டதற்குக் கவிஞர் யாஹ்யா கெமால் "இஸ்தான்புல்லுக்குத் திரும்பிப் போவது" என்றாராம். போன முதல் மாதத்திலேயே நாலு பேர் எனக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்த ஊர் பிடித்துப்போனது, அதன் நாவல்களால்.

மொழி அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. 'எவ்லெரிமிஸ்தெ' என்றால் 'எங்கள் வீடுகளில்'. எவ் என்பது வீடு, லெர் என்பது கள், இமிஸ் என்பது எங்கள், தெ என்பது இல். நம்மைப் போலவே விகுதிமேல் விகுதி அடுக்குகிறார்கள், வினையைக் கடைசியில் வைக்கிறார்கள். கிசிலாய் பக்கம் ஓல்குன்லார் தெருவில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. அங்கேதான் யாகூப் கத்ரி கரவோஸ்மனோலுவின் 'அங்காரா' கிடைத்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அதைப் படித்தேன்.

1453க்குப் பிறகு ஒட்டோமான்களின் தலைநகராக இருந்தது இஸ்தான்புல். முதல் உலகப் போருக்குப் பின் நேச நாட்டுப் படைகள் அதைப் பிடித்து வைத்திருந்தபோது, 1920 ஏப்ரல் 23 அன்று அங்காராவில் தேசியப் பேரவை கூடியது. அந்த ஊர் தலைநகரானது 1923 அக்டோபர் 13 அன்று. குடியரசை அறிவித்ததோ அக்டோபர் 29 அன்றுதான். நாட்டைவிடத் தலைநகர் பதினாறு நாள் மூத்தது! 1927 கணக்கெடுப்பில்கூட ஊரில் சுமார் 75,000 பேர்தான். பழைய ஊருக்குத் தெற்கே எழுப்பிய பகுதிக்கு வைத்த பெயர் யெனிஷெஹிர், அதாவது புது ஊர்.

1934ல் வந்த 'அங்காரா' மூன்று பகுதிகளாக நடக்கிறது. மூன்றிலும் நாயகி செல்மாதான். கணவன் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். முதல் பகுதியில் வங்கி ஊழியரான கணவனோடு இஸ்தான்புல்லிலிருந்து வந்து, துருக்கி விடுதலைப் போர்க்கால அங்காராவின் மண் வீடுகளுக்கு நடுவே வாழ்கிறாள், நர்ஸ் வேலை பார்க்கிறாள். இரண்டாவதில் போர் வீரரான ஹக்கி பே. வெற்றிக்குப் பிறகு அந்த மனிதர் கம்பெனி, பணம், நடன விருந்து என்று வேறு ஆளாகிவிடுகிறார். மூன்றாவதில் எழுத்தாளன் நெஷெத் சபித். இந்தப் பகுதி, நாவல் வெளிவந்தபோது இன்னும் வராத வருஷங்களில் நடக்கிறது. எல்லோரும் உழைக்கிறார்கள், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கதையாக அதில் பலமில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை அதிகம் உலுக்கியதும் அதுதான். கண்ணெதிரே தெரிகிற தலைநகர் மனத்துக்குச் சரிப்படவில்லை என்று, ஒருவர் இன்னொரு தலைநகரையே எழுதிக் கொடுக்கிறார்.

தேசம் எங்கே நிற்கிறது என்பதை செல்மா எந்த உடையில், எந்த வீட்டில், யார் பக்கத்தில் இருக்கிறாள் என்பதை வைத்தே அவர் காட்டுகிறார். ஒரு பெண்ணின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று படிக்கும்போதெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது.

அதற்கு நாற்பது வருஷம் கழித்து ஒரு பெண் பதில் எழுதியதைப் போல இருந்தது அதாலெத் ஆவோலுவின் நாவல். 1973ல் வந்தது. 'சாகப் படுத்தல்' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பேராசிரியை அய்செல் ஒரு காலையில் அங்காரா ஹோட்டல் அறை ஒன்றில் உடைகளைக் களைந்துவிட்டுச் சாவதற்காகப் படுக்கிறாள். படுத்தபடியே நினைத்துப் பார்க்கிறாள். அந்த நினைவில் முதலில் வருவது 1938ல் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விழா. ஆணும் பெண்ணும் கைகோத்து ஆட வேண்டும் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குழந்தைகள் மேடையில் ஆடுகிறார்கள். கீழே அப்பாக்கள் நெளிகிறார்கள். செல்மாவுக்குப் போட்டுப் பார்த்த உடைகளையெல்லாம் அய்செல் கழற்றி வைத்துவிட்டதாகவே நான் அந்த ஹோட்டல் அறையைப் படித்தேன். ஆசிரியர் அப்படி நினைத்து எழுதினாரோ என்னவோ, எனக்கு இரண்டு புத்தகமும் ஒரே அலமாரியில் முதுகோடு முதுகு சேர்ந்துதான் நிற்கின்றன.

அதே 1973ல் செவ்கி சொய்சாலின் யெனிஷெஹிர் நாவலும் வந்தது. ஒரு மத்தியான நேரம், விழப்போகிற ஒரு பாப்லர் மரம், அதைச் சுற்றி ஒரு நகரம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

வீட்டுக்கார அம்மாவை 'தெய்ஸெ' என்றுதான் கூப்பிடுவேன். அம்மாவின் சகோதரி என்று பொருள். அப்பாவின் சகோதரிக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறது, நம்மிடம் பெரியம்மா வேறு, அத்தை வேறு என்று இருப்பது போல. அய்செலின் பள்ளி விழாவைப் படித்த அன்று கீழே போய் அவரிடம் சொன்னேன். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் கெட்டிலைக் கீழே வைத்தார்.

"நானும் ஆடியிருக்கிறேன் மகளே. ஐந்தாம் வகுப்பில். என் ஜோடி ரொட்டிக் கடைக்காரர் பையன். கை வேர்த்துப்போய் வழுக்கிக்கொண்டே இருந்தது."

"உங்கள் அப்பா வந்திருந்தாரா?"

"கடைசி வரிசையில். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், 'நன்றாக ஆடினாய், அம்மாவிடம் சொல்லாதே' என்றார்."