ஊத் படிக்கப் போய் முதல் தேர்வில் சறுக்கிய கதை

கெய்ரோவில் ஒரு வாத்தியாரிடம் இரண்டு வருஷம் ஊத் படித்தேன். பெயரைச் சொன்னதும் வீட்டில் "ஊதுற வாத்தியமா?" என்று கேட்டார்கள். இல்லை, மீட்டுவது. பேரிக்காயைப் பாதியாக வெட்டிய மாதிரி குடம், ஐந்து ஜோடித் தந்திகள், கூடவே தனியாக ஒரு கீழ் ஸ்தாயித் தந்தி. ஆனால் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட, வீணையில் இருப்பது போல மெட்டுகள் கிடையாது. என் தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்ததால், அரபு இசையில் ராகம் மாதிரி இருக்கும் ஒவ்வொரு மகாமுக்கும் நம் ராகம் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டேன். ஹிஜாஸ் என்றால் வகுளாபரணம், குர்த் என்றால் தோடி, இப்படி. இந்தப் பட்டியல் பயாத்தி என்ற மகாமில் வந்து மாட்டிக்கொண்டது. அதன் இரண்டாம் சுரம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. சரி என்று டியூனர் செயலியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, கழுத்தில் பென்சிலால் கோடு போட்டேன். வாத்தியார் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார். அப்புறம் ராஸ்த் என்ற இன்னொரு மகாமை வாசித்தார், உடனே பயாத்தி வாசித்தார். இரண்டிலும் வருவது ஸீகா என்ற ஒரே சுரம்தான். ஆனால் பயாத்தியில் விரல் ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. ஒரு கோடு எப்படி இரண்டுக்கும் பொருந்தும்? 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டிலேயே, ஸ்தாயியைச் சமமான 24 பங்காக வெட்டலாமா என்று பெரியவர்கள் மோதி, முடிவுக்கு வராமல் கலைந்தார்கள். நான் செயலியை நம்பினேன்.

ஆறாம் மாதம் தேர்வு. பயாத்தியில் மூன்று நிமிடத் தக்சீம், அதாவது நம் ஆலாபனை மாதிரி மனோதர்மமாக வாசிப்பது. திறமையைக் காட்டுகிறேன் என்று நான்கு மகாம்களைத் தொட்டேன். வாத்தியார் கேட்டது ஒன்றுதான்: "வீடு திரும்பினாயா?" ஒவ்வொரு சுற்றையும் ஆதார சுரத்தில் கொண்டுவந்து முடிப்பதற்கு கஃப்லா என்று பெயர். என்னிடம் அதுவே இல்லை.

பிறகு ஈராக்கின் ஊத் கலைஞர் முனீர் பஷீரிடம் போகச் சொன்னார். அதாவது அவருடைய ஒலிப்பதிவுகளிடம். மனிதர் 1997இலேயே மறைந்துவிட்டார். மோசூலில் 1930இல் பிறந்தவர், பாக்தாத்தில் ஷெரீஃப் முஹியத்தீன் ஹைதரிடம் படித்தவர். பாடகருக்குப் பக்கவாத்தியமாக இருந்த ஊதைத் தனிக் கச்சேரிக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர். ஒரு தக்சீமின் முதல் நிமிடத்தை மட்டும் எடுத்து, சுரங்களை எழுதாமல், வாயால் பாடப் பழகினேன். மூன்று வாரம் ஆனது. சுரங்கள் சீக்கிரம் பிடிபட்டன. நடுவே அவர் விடும் மௌனங்களைத்தான் என்னால் அளக்கவே முடியவில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: தந்தியை மீட்டும் ரீஷாவைப் பிடிக்கும் முன் பாடுங்கள். மகாமை எட்டுச் சுரமாக மனப்பாடம் செய்யாமல், ஜின்ஸ் என்கிற மூன்று நான்கு சுரத் துண்டுகளாகப் பழகுங்கள்.

மறு தேர்வில் மூன்று நிமிடமும் கீழ் ஜின்ஸைத் தாண்டவில்லை. கஃப்லா சரியாக விழுந்தால் அங்கே கேட்பவர்கள் "அல்லாஹ்!" என்பார்கள். வாத்தியாரிடமிருந்து ஒன்று வந்தது, பாதிக் குரலில்.